டிராக்கிங் ஃபோர்ஸ்: ஊசிப்பாரமா, முனைவிசையா?

(குழு உரையாடல்; எழுதியவர்களின் ஊர்ப்பெயரே தலைப்பில்.)

சாட்ஸ்வொர்த் (வகுப்பு ஆசிரியை)

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பெரிய பிள்ளைகளுக்கு இந்தப் பருவம் செய்முறைப் பாடம்: வீட்டில் கிடக்கும் இசைத்தட்டுகளைக் கெடுக்காமல் கேட்பது எப்படி. வந்து சேர்ந்தவை பல வகை. 78இல் (நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் பழைய தட்டு) நாதஸ்வரமும் சினிமாப் பாட்டும்; எல்பியில் (மெதுவாகச் சுழலும் நெடுந்தட்டு) ஜாஸ், தென்னாப்பிரிக்க ம்பகாங்கா இசை, சிம்பொனி, மொரிஷியஸ் சேகா. ஒரு பக்கக் கையேடு வியாழன் இரவு அச்சுக்குப் போக வேண்டும். தட்டைத் துடைக்க ஆல்கஹால் கலந்த நீர் என்ற வரிவரை எழுதியாகிவிட்டது. ஊசி, கை (ஊசியைத் தாங்கும் தண்டு), எதிரெடை (கைக்குப் பின்னாலுள்ள எடை) எல்லாம் தமிழாகிவிட்டன. ஊசி தட்டை எவ்வளவு அழுத்துகிறது என்பதைக் குறிக்கும் டிராக்கிங் ஃபோர்ஸ் மட்டும் முரண்டு பிடிக்கிறது. பாடம் இதுதான்:

"ஆன்டி-ஸ்கேட்டிங் (கை உள்நோக்கி இழுபடாமல் தடுக்கும்) திருகை 0இல் வை. ஊசி மூடியைக் கழற்று. கைக்குப் பின்னாலுள்ள எடையைத் திருகி, கை ஏறவும் இறங்கவும் செய்யாமல் மட்டமாக மிதக்கவிடு. கையைத் தாங்கியில் பூட்டு. எடை அசையாமல் பிடித்துக்கொண்டு, எண் வளையத்தை மட்டும் 0க்குக் கொண்டுவா. பிறகு இரண்டையும் சேர்த்துத் திருகி 2இல் நிறுத்து. இந்த 2 கிராம்தான் ______."

கோடிட்ட இடத்தை நிரப்புங்கள்.

பீனிக்ஸ்

ஊசிப்பாரம். பாட்டிக்கும் புரியும், பேரனுக்கும் புரியும். வேலை முடிந்தது.

மரிட்ஸ்பர்க் (இயற்பியல்)

முடியவில்லை தம்பி. ஆங்கிலத்தில் ஃபோர்ஸ் என்றிருக்கிறது. தமிழில் அதற்கு விசை என்ற சொல் பள்ளிக்கூடத்திலேயே இருக்கிறது. பாரம் என்பது சுமை. சில கைகளில் எதிரெடை சமநிலையை மட்டுமே தரும். ஊசியைக் கீழே தள்ளுவது ஒரு சுருள்வில். அங்கே ஏது பாரம்? 2 கிராம் என்று எழுதுவதே வழக்கு காரணமாகத்தான். சரியாகச் சொன்னால் சுமார் 20 மில்லிநியூட்டன். தயாரிப்பாளர்கள் பலர் இரண்டையும் அச்சிடுகிறார்கள். என் பரிந்துரை: முனைவிசை.

ரோஸ் ஹில், மொரிஷியஸ்

ஐயா, முனை என்றால் பிள்ளைகளுக்கு வடமுனை தென்முனைதான் நினைவுக்கு வரும். ஊசி பொருந்தியிருக்கும் கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே காந்தம் இருக்கிறது. 'முனைவிசை' என்று படித்தவன் அதைக் காந்த விசை என்று எழுதினால் மதிப்பெண் குறைப்பீர்களா? இது வெறும் பயமும் அல்ல. எம்சி (அசையும் சுருள்) வகைக் கார்ட்ரிட்ஜின் காந்தம் வலுவானது. ஊசித் தராசில் இரும்பு இருந்தால் இழுத்துப் பொய்க்கணக்குக் காட்டும். இரும்பில்லாத தராசு வாங்கச் சொல்லி ஒரு வரி போடுங்கள் அக்கா.

எங்கள் கிரியோலில் தையலூசியும் 'ஸெக்வி', இசைத்தட்டு ஊசியும் 'ஸெக்வி'. யாரும் குழம்பியதில்லை.

டோங்காட்

டர்பன் பக்கம் ஜூலுவிலும் 'இனாலிதி' என்று ஒரே சொல்தான். ஆனால் தமிழுக்கு அந்த வறுமை ஏன்? இந்த ஊசிக்கு ஆங்கிலத்தில் சொல்லும் ஸ்டைலஸ் என்பது லத்தீனில் மெழுகுப் பலகையில் எழுதும் கருவி. நம்மிடம் எழுத்தாணி இருக்கிறதே! எழுத்தாணி எதில் ஓடுகிறது? சாலில். உழவில் படைச்சால் என்கிறோமே, அந்தச் சால். இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு ஒரே சால்தான், விளிம்பிலிருந்து நடுவுக்குச் சுருண்டு போகிறது. ஆணி சாலைப் பற்றிச் செல்லும் விசை 'சாற்பற்று விசை'. பாரம் மிகுந்தால் என்ன ஆகும்? மயிற்பீலியே ஆனாலும் சால மிகுத்துப் பெய்தால் அச்சு இறும். அந்தச் 'சால'வுக்கும் இந்தச் சாலுக்கும் சால்புக்கும் வேர் ஒன்றா என்பதைத் தனியாக எழுதுகிறேன். நிறைதல் என்ற பொருளிலிருந்து நீர்ச்சால், அதிலிருந்து…

பீனிக்ஸ்

தாத்தா, வியாழன்.

சாட்ஸ்வொர்த்

எழுத்தாணி எழுதும், ஐயா. இது எழுதியதைப் படிக்கிறது. தட்டை வெட்டும் எந்திரத்தில் இருப்பதற்கு வேண்டுமானால் அந்தப் பெயரை ஒதுக்கி வைப்போம். 'சாற்பற்று' என்றால் என் வகுப்பில் பழச்சாற்றைத் தேடுவார்கள். பள்ளத்துக்குச் சால் என்பதை மட்டும் நன்றியோடு எடுத்துக்கொள்கிறேன். இங்கே கரும்புத் தோட்டம் பார்க்காத பிள்ளை இல்லை.

லெனேசியா

சாலுக்குப் பதில் தவாளிப்பு என்று நாங்கள் யாழ்ப்பாணப் பாடநூலில் படித்தது. அதை விடுங்கள். 'ஊசியெடை' என்று எழுதும் எண்ணம் வந்தால் இப்போதே கைவிடுங்கள். தமிழ்நாட்டுப் புத்தகத்தில் நிறை என்பது மாஸ், எடை என்பது வெயிட். எங்கள் புத்தகத்தில் திணிவுதான் மாஸ், நிறைதான் வெயிட். கையேட்டில் எதிரெடை, நிறை, எடை எல்லாம் கலந்து வந்தால் எங்கட பிள்ளைகள் ஒன்று விளங்கிக்கொள்ள, உங்கட பிள்ளைகள் வேறொன்று விளங்கிக்கொள்ளும். பாரம் என்பதில் அந்தச் சண்டை இல்லை. அழுத்தமும் வேண்டாம், அது பரப்பால் வகுத்தது. 2 கிராம்தான் என்றாலும் ஊசி தொடும் இடம் கண்ணுக்குத் தெரியாத அளவு, ஆகவே அழுத்தம் மலைக்கவைக்கும் எண்ணாக வரும். அதனால்தான் தூசியோடு ஒரு தடவை ஓட்டினாலே சாலில் தழும்பு விழுகிறது.

மரிட்ஸ்பர்க்

> பாரம் என்பதில் அந்தச் சண்டை இல்லை

இலக்கணச் சண்டை இருக்கிறது. ஊசிப்பாரம் என்ன தொகை? ஊசியினது பாரம் என்று ஆறாம் வேற்றுமையாக விரித்தால் ஊசியின் கனம் என்றாகும். ஊசியே மில்லிகிராம் கணக்கு. ஊசிக்கண் பாரம் என்று ஏழாம் வேற்றுமையாக விரித்தால் ஊசிமேல் ஏறும் சுமை. நமக்கு வேண்டியதோ ஊசியால் சால்மேல் ஏற்றப்படும் சுமை: மூன்றாம் வேற்றுமை உருபும் பயனும் உடன்தொக்க தொகை. படிப்பவன் மூன்றில் எதை எடுப்பான்?

இன்னொன்று. அச்சகத்தில் 'ஊசிப் பாரம்' என்று இடம் விட்டுவிட்டால், ஊசிப்போன சாம்பார்தான்.

பீனிக்ஸ்

தலைச்சுமை, தோள்சுமை என்று ஊரே சொல்கிறது. எந்த வேற்றுமை என்று கேட்டுவிட்டா தூக்குகிறார்கள்?

பெயரைவிட அளவு முக்கியம். எல்லாவற்றுக்கும் 2 என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்யக்கூடாது. ஆடியோ-டெக்னிகா விஎம்95ஈ கார்ட்ரிட்ஜ் 1.8 முதல் 2.2 கிராம் வரை, பரிந்துரை 2.0. ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் 1.6 முதல் 2.0 வரை, பரிந்துரை 1.8. கார்ட்ரிட்ஜின் தாளைப் பார், கொடுத்த வரம்பின் மேல்பாதியில் நில் என்று எழுதுங்கள். 'லேசாக வைத்தால் தட்டு தேயாது' என்பது பெரிய மூடநம்பிக்கை. லேசானால் ஊசி சாலின் சுவரைவிட்டு எம்பி எம்பி மோதும். அந்த மோதல்தான் தட்டைத் தின்கிறது. அறிகுறி: பாடகர் வாயில் ச, ஸ வரும்போதெல்லாம் 'ஷ்ஷ்' என்று துப்பும். பக்கம் முடியும் இடத்தில் இன்னும் மோசம், ஏனென்றால் அங்கே ஊசிக்கடியில் சால் ஓடும் வேகம் விளிம்பில் இருப்பதில் பாதிகூட இல்லை. அதிகமானால் ஊசித்தண்டு படுத்துவிடும், கார்ட்ரிட்ஜின் வயிறு தட்டில் உரசும்.

ரோஸ் ஹில்

வலப்பக்க ஒலிபெருக்கியில் மட்டும் துப்பினால் பாரத்தைத் தொடாதீர்கள். கை உள்நோக்கி இழுபட்டு, ஊசி உட்சுவரில் சாய்ந்து நிற்கிறது என்று பொருள். உட்சுவர் இடது ஒலி, வெளிச்சுவர் வலது. ஆன்டி-ஸ்கேட்டிங்கைச் சற்றே கூட்ட வேண்டும். அதற்குத் தமிழ் 'உள்ளிழுப்புத் தடை' என்று வைக்கலாமா?

டோங்காட்

தடை ஏற்கெனவே மின்தடைக்குப் போய்விட்டது. 'அகவீர்ப்பெதிர்மை'.

சாட்ஸ்வொர்த்

கடவுளே. அதை ஆன்டி-ஸ்கேட்டிங் என்றே விடுகிறேன்.

இதுவரை வந்ததில் ஊசிப்பாரத்துக்கு நான்கு பேர் (என்னையும் சேர்த்து), முனைவிசைக்கு ஒருவர், சாற்பற்று விசைக்கு ஒருவர். 'டிராக்கிங் ஃபோர்ஸ் என்னும் ஊசிப்பாரம்' என்று முதல் தடவையும், பிறகு வெறும் ஊசிப்பாரமும் போடுகிறேன். சேர்த்தே அச்சாகும்படி நானே பார்த்துக்கொள்கிறேன். வேறு பிழை இருந்தால் இன்றிரவுக்குள்.

மரிட்ஸ்பர்க்

பெரும்பான்மைக்கு வணங்குகிறேன், ஒப்பவில்லை. விசையைப் பாரம் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டு அதே பிள்ளையிடம் நியூட்டன் விதியை நான் நடத்த வேண்டும். குறைந்தது 2 கிராம் என்ற இடத்தில் அடிக்குறியாக 20 மில்லிநியூட்டனாவது போடுங்கள்.

டோங்காட்

நீர்ச்சால் குறித்த கடிதம் தனியே வருகிறது, ஐந்து பக்கம்.

லெனேசியா

பிழை இருக்குது, பெரிது. 78ஐப் பற்றி ஒரு வரியும் இல்லை. அந்தச் சால் அகலம். எல்பி ஊசி அடியில் விழுந்து இரைச்சலைத்தான் படிக்கும். எல்பிக்கான உருண்டை முனை சுமார் 18 மைக்ரான் ஆரம், 78க்கு 65 மைக்ரான் அளவில் வேண்டும். ஊசிப்பாரமும் மாறும், பெரும்பாலும் கூடும்: ஆடியோ-டெக்னிகா விஎம்95எஸ்பிக்கு 5 கிராம். பழைய கிராமபோன் பெட்டியில் போட்டால் 100 கிராமுக்கு மேல் அழுத்தும். இரும்பு ஊசியை ஒவ்வொரு பக்கத்துக்கும் மாற்ற வேண்டும், ஏனென்றால் தட்டில் கலந்திருக்கும் கல்பொடி ஊசியை அரைத்துத்தான் சாலுக்குப் பொருந்த வைக்கிறது.

நீங்கள் துடைப்பதற்கு ஆல்கஹால் கலந்த நீர் என்று பொதுவாக எழுதியிருக்கிறீர்கள். 78 பெரும்பாலும் அரக்கு. ஆல்கஹால் பட்டால் கரைந்து மேற்பரப்பு மங்கிப்போகும். இந்தியாவில் அறுபதுகளிலும் 78 வந்ததால், சினிமாப் பாட்டுத் தட்டு புதிது, பிளாஸ்டிக்காக இருக்கும் என்று நம்பித் துடைப்பார்கள். 'அரக்குத் தட்டுக்குக் காய்ச்சி வடித்த நீரும் ஓரிரு துளி சோப்பு நீரும் மட்டும், லேபிள் நனையக்கூடாது, உடனே ஒற்றி எடு' என்று மாற்றுங்கள். அச்சகத்துக்கு இப்போதே தொலைபேசி எடுத்தால் நல்லது.