ஹாஸ்கெல்லில் நியோவிம் ப்ளக்இன் லைப்ரரி: பதிப்பு ஏறும்போது எது உடைகிறது? (அனுபவப் பகிர்வு)

எடிட்டர்பக்கம்

நியோவிம் எடிட்டருக்கு ஹாஸ்கெல் மொழியில் ப்ளக்இன் எழுத உதவும் என்விம்-எச்எஸ் மாதிரியான லைப்ரரியைப் பராமரிப்பவர்களுக்கும், அதன் மேல் ப்ளக்இன் எழுதுபவர்களுக்கும் இந்த இழை. எந்த மாற்றம் எதை உடைத்தது, எப்படிச் சரியானது என்று விவரமாக எழுதுங்கள். பெரிய விஷயத்திலிருந்து தொடங்குகிறேன்.

இந்த லைப்ரரிக்கு இரண்டு பக்கமும் தரை நகர்கிறது. ஒரு பக்கம் நியோவிம் ஏபிஐ (வெளி ப்ரோகிராம்கள் எடிட்டரை இயக்கக் கூப்பிடும் ஃபங்ஷன்கள்), மறு பக்கம் ஜிஎச்சி (ஹாஸ்கெல் கம்பைலர்). `என்விம் --ஏபிஐ-இன்ஃபோ` என்று ஓட்டினால் எல்லா ஃபங்ஷன்களின் பெயர், அளவுருக்கள், திரும்பும் டைப், எந்த ஏபிஐ நிலையில் வந்தது, எதில் கைவிடப்பட்டது என எல்லாம் மெசேஜ்பேக் என்ற பைனரி வடிவில் கொட்டும். அந்த மெட்டாடேட்டாவை டெம்ப்ளேட் ஹாஸ்கெல் (கோடை உருவாக்கும் ஹாஸ்கெல் வசதி) கம்பைல் நேரத்தில் படித்து ஹாஸ்கெல் ஃபங்ஷன்களாக மாற்றுவதுதான் வழக்கமான முறை. பார்க்க அழகு. ஆனால் பயனர் கணினியில் எந்த நியோவிம் இருக்கிறதோ, அதைப் பொறுத்து லைப்ரரியின் முகமே மாறிவிடுகிறது. ஒரே பதிப்பு எண், இரண்டு கணினியில் இரண்டு ஏபிஐ. நிக்ஸ் போன்ற அடைத்த பில்ட் சூழலில் நியோவிம் இல்லாவிட்டால் பில்டே நின்றுவிடும்.

டைப் பெயர்களிலும் கவனம் வேண்டும். நியோவிம் 0.11-இல் மெட்டாடேட்டாவில் இருந்த "டிக்ஷனரி" என்ற டைப் பெயர் "டிக்ட்" ஆனது. இந்த ஃபங்ஷன்களை உருவாக்கும் ஜெனரேட்டரின் டைப் அட்டவணையில் அந்தப் பெயர் இல்லையென்றால், அகராதி வாங்கும் ஒவ்வொரு ஃபங்ஷனும் கம்பைல் ஆகாது. தெரியாத பெயர் வந்தால் எரர் போடுவதைவிட, பொதுவான ஆப்ஜெக்ட் டைப்பாக எடுத்துக்கொண்டு ஒரு எச்சரிக்கை அச்சிடுவது நல்லது. பயனருக்கு டைப் கொஞ்சம் தளரும், பில்ட் நிற்காது.

நான் பரிந்துரைப்பது இதுதான். ஸ்ப்ளைஸை (டெம்ப்ளேட் ஹாஸ்கெல் கம்பைல் நேரத்தில் கோடைச் செருகும் இடம்) விட்டுவிட்டு, அதே மெட்டாடேட்டாவிலிருந்து சாதாரண ஹாஸ்கெல் ஃபைலை எழுதும் ஒரு சிறு ப்ரோகிராம் வைத்து, அந்த ஃபைலை ரெப்போவிலேயே கமிட் செய்யுங்கள். நியோவிம் மாறும்போது டிஃப்பிலேயே எல்லாம் தெரியும். இன்னொரு காரணமும் உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. டெம்ப்ளேட் ஹாஸ்கெல்லின் ப்ராக்மா (கம்பைலருக்கான குறிப்பு) டைப்பில் டிப்ரிகேட்டட் என்று ஒரு கன்ஸ்ட்ரக்டரே கிடையாது. மெட்டாடேட்டாவில் "கைவிடப்பட்டது" என்று எழுதியிருந்தாலும், ஸ்ப்ளைஸ் வழியாக அந்த எச்சரிக்கையைப் பயனருக்குக் கொடுக்க வழியில்லை. ஃபைலாக எழுதினால் ஒவ்வொரு பழைய `விம்_` ஃபங்ஷன் மேலும் ஒரு வரி சேர்த்தால் போதும். ஹாடக் (ஆவணம் உருவாக்கும் கருவி) குறிப்புகளும் அப்படியே. ஸ்ப்ளைஸில் அதற்கு `புட்டாக்` வேண்டும், அது ஜிஎச்சி 9.2-இல்தான் வந்தது.

இழைவேலை

மேலே சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நான் என்விம்-எச்எஸ்ஸின் மொனாட் (ப்ளக்இன் கோடு ஓடும் டைப்) மாற்றத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

முன்பு மொனாடின் டைப் `நியோவிம் ஆர் எஸ்டி ஏ`. மாறாத சூழல் ஒன்று, மாறும் ஸ்டேட் ஒன்று. பிறகு ஸ்டேட் நீங்கி `நியோவிம் என்வ் ஏ` ஆனது. எழுதிய எல்லாரின் கோடும் உடைந்த மாற்றம் இது. ஆனாலும் மிகச் சரியான மாற்றம். ஹேண்ட்லருக்குள் (நியோவிம் கேட்கும்போது ஓடும் ஃபங்ஷன்) ஒரு த்ரெட் கிளப்பினால், ஸ்டேட்-டியில் (ஸ்டேட்டைத் தாங்கும் மொனாட்) அந்தத் த்ரெடுக்குப் போவது ஸ்டேட்டின் நகல். அங்கே செய்த மாற்றம் திரும்பி வராது. எக்ஸெப்ஷன் எழுந்தாலும் பாதி வேலையின் ஸ்டேட் காணாமல் போகும். இதனால்தான் ஸ்டேட்-டிக்கு அன்லிஃப்ட்-ஐஓ (மொனாட் கோடை ஐஓவாக ஓட்ட உதவும் டைப்க்ளாஸ்) இன்ஸ்டன்ஸ் எழுத முடியாது, சூழல் மட்டும் உள்ள ரீடர்-டிக்கு முடியும்.

பழைய ப்ளக்இன்னை மாற்றும் வழி: ஸ்டேட் ரெக்கார்டை ஒரு டிவேரில் (த்ரெட்கள் பத்திரமாகப் பகிரும் மாறி) போட்டு, அந்த டிவேரை சூழலின் ஒரு ஃபீல்டாக வையுங்கள். `கெட்` இருந்த இடத்தில் சூழலிலிருந்து டிவேரை எடுத்து `ரீட்டிவேர்-ஐஓ`. `மாடிஃபை` இருந்த இடத்தில் `அட்டாமிக்கலி`க்குள் `மாடிஃபைடிவேர்'`. கடைசியில் உள்ள அந்த ஒற்றைக் குறியை விட்டுவிடாதீர்கள். அது இல்லாத வடிவம் சோம்பலானது. கர்சர் நகரும்போதெல்லாம் ஒரு எண்ணைக் கூட்டும் ப்ளக்இன்னில் கணக்கிடாமல் தள்ளிவைத்த மதிப்புகள் (தங்க்குகள்) மணிக்கணக்கில் குவிந்து நினைவகத்தைத் தின்னும்.

இதில் ஒரு பொறி. படித்து, கணக்குப் போட்டு, எழுதுவதை இரண்டு தனி `அட்டாமிக்கலி`யாகப் பிரித்தால், நடுவில் இன்னொரு ஹேண்ட்லர் புகுந்துவிடும். ஒன்றாகவே வையுங்கள். நியோவிமைக் கேட்க வேண்டியது இருந்தால் முதலில் கேட்டு முடித்துவிட்டு உள்ளே போங்கள். எஸ்டிஎம்முக்குள் (`அட்டாமிக்கலி`க்குள் ஓடும் பகுதி) ஐஓ நடக்காது.

அடுத்தது டெட்லாக். நியோவிம் `ஆர்பிசிரிக்வெஸ்ட்` மூலம் 'அ' என்ற ஃபங்ஷனைக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. 'அ' நியோவிமில் ஒரு கமாண்ட் ஓட்டுகிறது. அந்தக் கமாண்ட் ஒரு ஆட்டோகமாண்டைத் (ஒரு நிகழ்வு நடந்தால் தானே ஓடும் கட்டளை) தட்ட, அது அதே சேனலில் 'ஆ' என்ற ஃபங்ஷனைக் கேட்கிறது. லைப்ரரி எல்லா ஹேண்ட்லரையும் ஒரே த்ரெடில் ஓட்டினால், 'ஆ' வரிசையில் நிற்கும், 'அ' நியோவிமுக்காக நிற்கும், நியோவிம் 'ஆ'வுக்காக நிற்கும். திரை உறைந்துவிடும். ஆக, வரும் ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் தனித் த்ரெட் தேவை. சாக்கெட்டைப் படிக்கும் த்ரெட் எந்த ஹேண்ட்லரையும் தானே ஓட்டக் கூடாது. இன்னொன்று, பதில்கள் அடுக்கு முறையில் போக வேண்டும்: கடைசியாகக் கேட்ட 'ஆ'வுக்கு முதலில் பதில், பிறகுதான் 'அ'. மாறிப் போனால் க்ளையண்ட் ஒத்திசைவில் இல்லை என்று நியோவிம் புகார் சொல்லும்.

பதில் மதிப்பு தேவையில்லாத ஃபங்ஷனை ஏசிங்க் (நியோவிம் பதிலுக்குக் காத்திருக்காதது) என்றே பதிவு செய்யுங்கள். பாதிச் சிக்கல் அங்கேயே தீரும்.

தங்க்கவனி

இழைவேலை சொன்னதோடு சேர்த்துப் படிக்க வேண்டியது ஒன்று. ஹேண்ட்லரைச் சுற்றி எக்ஸெப்ஷன் பிடிக்கும் கோடு இருந்தும் எடிட்டர் உறைந்தால், பெரும்பாலும் காரணம் சோம்பல் மதிப்புதான்.

ஹேண்ட்லர் ஒரு வெற்றுப் பட்டியலின் `ஹெட்`டைத் திருப்பித் தருகிறது என்று வையுங்கள். ஹேண்ட்லருக்குள் அது கணக்கிடப்படவே இல்லை, தங்க்காகத்தான் வெளியே வருகிறது. பிடிப்பதற்கு அங்கே எக்ஸெப்ஷன் இல்லை. பிறகு அது எழுதும் த்ரெடுக்குப் போய், மெசேஜ்பேக்காக மாற்றும்போது அங்கே வெடிக்கிறது. எழுதும் த்ரெட் செத்தால் அதற்குப் பிறகு எந்தப் பதிலும் போகாது. மருந்து எளிது: பதிலை வரிசையில் போடும் முன்பே, எக்ஸெப்ஷன் பிடிக்கும் வளையத்துக்குள் `ஃபோர்ஸ்` செய்து `எவால்யுவேட்` செய்யுங்கள். இதற்கு ஆப்ஜெக்ட் டைப்புக்கு என்எஃப்டேட்டா (மதிப்பை முழுதாகக் கணக்கிடும் வழி சொல்லும் டைப்க்ளாஸ்) இன்ஸ்டன்ஸ் வேண்டும்.

புதிதாக வருபவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று: ஸ்டாண்டர்ட் அவுட்புட்தான் நியோவிமோடு பேசும் குழாய். டீபக் செய்ய ஒரு `புட்ஸ்டர்எல்என்` போட்டால், அந்த எழுத்துகள் மெசேஜ்பேக் ஓட்டத்தின் நடுவே கலந்து சேனல் மூடிக்கொள்ளும். லாக் எல்லாம் ஃபைலுக்கோ ஸ்டாண்டர்ட் எரருக்கோ போகட்டும்.

பைட்கணக்கு

தமிழில் எழுதுபவர்களுக்கு நேரடியாகத் தொடர்புள்ள விஷயம் இது. ஆங்கில டெக்ஸ்டில் மட்டும் சோதித்தால் இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

நியோவிம் கர்சரின் நிரலை (வரிக்குள் அது நிற்கும் இடத்தை) பைட்டில் சொல்கிறது. ஹாஸ்கெல்லின் டெக்ஸ்ட் கோட்பாயிண்ட்டில் (யூனிகோட் குறிகளில்) எண்ணுகிறது. "தமிழ் மொழி" என்ற வரியை எடுங்கள். "தமிழ்" கண்ணுக்கு 3 எழுத்து, டெக்ஸ்ட் கணக்கில் 5, யுடிஎஃப்-8 பைட்டில் 15. முழு வரி டெக்ஸ்டில் 10, பைட்டில் 28. கர்சர் "மொ" மேல் இருந்தால் நியோவிம் தரும் நிரல் 16. அந்த 16-ஐ அப்படியே டெக்ஸ்டின் `ஸ்ப்ளிட்அட்`டுக்குக் கொடுத்தால், 10 எழுத்து வரியில் 16-ஆம் இடம் ஏது? முழு வரியும் இடப்பக்கம் போய்விடும். நீங்கள் செருகும் சொல் வரியின் கடைசியில் ஒட்டிக்கொள்ளும்.

சரியான வழி, வரியை பைட்ஸ்ட்ரிங்காக மாற்றி 16-இல் வெட்டி, இரு பாதியையும் திரும்ப டெக்ஸ்டாக்குவது. டெக்ஸ்ட் 2.0 முதல் உள்ளேயே யுடிஎஃப்-8 என்பதால் `டேக்வேர்ட்8`, `டிராப்வேர்ட்8` இரண்டும் உதவும். லைப்ரரி எழுதுபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: நிரலை வெறும் எண்ணாகத் தராதீர்கள். பைட்நிரல் என்று ஒரு நியூடைப் (எண்ணைச் சுற்றிய தனி டைப்) வையுங்கள். கோட்பாயிண்ட் எண்ணோடு கலந்தால் கம்பைலரே தடுத்துவிடும். வரி எண்ணுக்கும் இது தேவை. `வின்_கெட்_கர்சர்` வரியை 1-இலிருந்து எண்ணுகிறது, `பஃப்_செட்_லைன்ஸ்` 0-இலிருந்து எண்ணுகிறது. அதில் முடிவு எண் சேர்த்தியும் இல்லை. கர்சர் இருக்கும் வரியை மட்டும் மாற்ற, கர்சர் 7 என்றால் தொடக்கம் 6, முடிவு 7. மாற்று வரிக்குள் வரிமுறிவு எழுத்து இருந்தால் நியோவிம் ஏற்காது. அனுப்பும் முன் பிரித்து, பட்டியலாக அனுப்புங்கள்.

ஃபைலில் யுடிஎஃப்-8 அல்லாத பைட்டுகள் இருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். பழைய எழுத்துரு என்கோடிங்கில் இருக்கும் தமிழ் ஃபைல்கள் இன்றும் நிறைய உண்டு. சாதாரண `டிகோட்யுடிஎஃப்8` அங்கே எக்ஸெப்ஷன் எறியும், அதுவும் சோம்பலாக (மேலே தங்க்கவனி சொன்ன அதே வெடிப்பு). பஃபரைப் படித்துத் திரும்ப எழுதும் ப்ளக்இன் என்றால் பைட்ஸ்ட்ரிங் மாட்யூலையே பயன்படுத்துங்கள். தவறான பைட்டை மாற்றுக்குறியாக்கும் வழி காட்டுவதற்கு மட்டும் போதும், சேமிக்கப் போனால் பயனரின் ஃபைல் கெட்டுவிடும்.

பழையகம்பைலர்

ஜிஎச்சி பக்கம் சுருக்கமாக. டெம்ப்ளேட் ஹாஸ்கெல் கோடு அதிகமாக இருந்தால் ஒவ்வொரு ஏற்றத்திலும் வலிக்கும். 8.10-இல் `டப்ஈ` கன்ஸ்ட்ரக்டருக்குள் மேபி வந்தது. 9.0-இல் `டூஈ`க்கு ஒரு கூடுதல் ஆர்க்யுமென்ட், 9.2-இல் `கான்பி`க்கு ஒன்று. எல்லாவற்றையும் ஒரே சிறு மாட்யூலில் அடைத்து, சிபிபி (பதிப்புக்கேற்பக் கோடைத் தேர்வு செய்யும் ப்ரீப்ராசஸர்) நிபந்தனைகளையும் அங்கே மட்டும் வையுங்கள். எம்டிஎல் என்ற மொனாட் லைப்ரரியின் 2.3 பதிப்பு `கண்ட்ரோல்.மொனாட்`டை மறு ஏற்றுமதி செய்வதை நிறுத்தியது. `வென்`, `ஃபார்எவர்` காணவில்லை என்று எரர் வந்தால், அவற்றை நேரடியாக இம்போர்ட் செய்தால் முடிந்தது.

டயர் பற்றியும் சொல்ல வேண்டும். பயனரின் கட்டமைப்பு ஃபைல் மாறினால் தானே கம்பைல் செய்து தன்னைத் திரும்பக் கிளப்பும் லைப்ரரி அது. என்விம்-எச்எஸ் முதலில் அதன் மேல்தான் நின்றது. ஆனால் அதற்கு ஓடும் நேரத்தில் ஜிஎச்சி வேண்டும், அதுவும் சரியான பேக்கேஜ் டேட்டாபேஸோடு. ஸ்டாக், கபால், நிக்ஸ் மூன்றும் அதை மூன்று இடத்தில் வைக்கின்றன. பில்டைப் பில்ட் கருவியிடமே விட்டு, கிடைக்கும் பைனரியை நியோவிம் கிளப்பினால் போதும்.

பதிப்பு எண்ணுக்கு பிவிபி (ஹாஸ்கெல் பேக்கேஜ்களின் பதிப்பு எண் விதி): முதல் இரண்டு இடமும் சேர்ந்துதான் பெரிய பதிப்பு. ஃபங்ஷன் நீங்கினாலோ டைப் மாறினாலோ அதை ஏற்ற வேண்டும், புதிதாகச் சேர்ப்பதற்கு மூன்றாம் இடம் போதும். நியோவிம் ஒரு ஃபங்ஷனின் பெயரை மாற்றினால் உங்களுக்கும் அது பெரிய பதிப்பு மாற்றமே. ஜெனரேட் ஆன கோடு என்று சலுகை கிடையாது.

சோதனைக்கு `என்விம் --க்ளீன் --எம்பெட் --ஹெட்லெஸ்` என்று துணைப் ப்ராசஸாகக் கிளப்பி, இரு குழாயையும் பைனரி மோடில் வைத்துப் பேசுங்கள். `--ஹெட்லெஸ்` விட்டுப்போனால் யூஐ இணையும் வரை நியோவிம் காத்திருக்கும், டெஸ்ட் காரணமே தெரியாமல் தொங்கும். ஒவ்வொரு டெஸ்டுக்கும் 10 நொடி காலக்கெடு போடுங்கள். பைட்கணக்கு கொடுத்த "தமிழ் மொழி" வரியையும், இழைவேலை சொன்ன அ-ஆ சுழலையும் நிரந்தர டெஸ்டாகச் சேர்த்து, நீங்கள் ஆதரிக்கும் மிகப் பழைய நியோவிமிலும் புதியதிலும் ஓட்டுங்கள்.