டிசம்பர் பூச்செடி தழைத்து நிற்கிறது, மொட்டைக் காணோம்

வாசல்செடி:
மார்கழி பிறந்துவிட்டது, எங்கள் டிசம்பர் செடியில் ஒரு பூ இல்லை. ஊதா நிறம், கேட் ஓரம் தரையில் வைத்தது. போன வருடம் கனகாம்பரத்தோடு சேர்த்துக் கட்டும் அளவுக்குப் பூத்தது. இப்போது இடுப்பளவு வளர்ந்து கரும்பச்சையாக நிற்கிறது, அவ்வளவுதான். பக்கத்து வீட்டு வெள்ளை டிசம்பரோ கொட்டுகிறது. டி.ஏ.பி. உரம் வைக்கலாமா?

செம்மண்:
உரம் இருக்கட்டும். கடைசியாக எப்போது வெட்டினீர்கள்? வெயில் எப்படி?

வாசல்செடி:
தீபாவளிக்கு வெள்ளையடிக்க வந்தவர்கள் வழியை மறைக்கிறது என்று முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டார்கள். துளிர்க்கட்டும் என்று யூரியா போட்டேன். மதியம் வரை நல்ல வெயில் படும்.

செம்மண்:
அப்படியென்றால் வெட்டியதுதான் காரணம். இந்தச் செடி கிளை நுனியிலும் மேல் இலைக் கணுக்களிலும்தான் பூக்கும். பகல் குறுகும் ஐப்பசியில் வெட்டினால் மொட்டு வர வேண்டிய நுனியெல்லாம் குப்பைக்குப் போய்விடும். யூரியா வேறு இலையைத்தான் தூக்கிவிடும். டி.ஏ.பி.யும் இப்போது வேண்டாம்.

பூ ஓய்ந்ததும் மாசி, பங்குனியில் தைரியமாக வெட்டுங்கள், நன்றாகத் தாழ வெட்டினாலும் துளிர்க்கும். ஆடி வரை நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை பெருகும். அதற்குப் பிறகு யார் வந்து கேட்டாலும் கத்தரியைக் கொடுக்காதீர்கள்!

நுனிகளைக் கிட்டப் போய்ப் பாருங்கள். ஓரம் பல் பல்லாக, தொட்டால் லேசாகக் குத்துகிற பச்சைச் செதில்கள் நெருக்கமாக இருந்தால் அதற்குள்தான் மொட்டு.

வாசல்செடி:
பார்த்தேன் அண்ணா. தெருப் பக்கம் ஐந்தாறு கிளையில் செதில் இருக்கிறது. ஆனால் கணுவில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஏதோ ஒட்டியிருக்கிறது, எறும்பும் ஊர்கிறது.

கோவை அக்கா:
அது மாவுப்பூச்சி கண்ணு. எறும்பு அது விடுகிற தேன் மாதிரி இனிப்பு நீருக்காக வருகிறது. அதிகமாக ஒட்டின கிளையை மட்டும் வெட்டி எடுத்துவிடு, செடிக்குப் பக்கத்தில் போடாதே. மற்றதில் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடி. அப்புறம் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெய், கரைய கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு இலைக்கு அடியிலும் படுகிற மாதிரி தெளி. வாரம் ஒரு தடவை, பூச்சி போகும் வரை.

இன்னொன்று. செடியின் அடியில் குனிந்து பார்த்தாயா? காய் வெடித்து விதை சிதறி, போன வருடத்துக் கன்று முளைத்திருக்கும். அதை வெயில் படும் வேறு இடத்தில் எடுத்து வை. கேட் ஓரம் இருந்தால் அடுத்த தீபாவளிக்கும் இதே கதைதான்.

வாசல்செடி:
மூன்று கன்று இருக்கிறது அக்கா! இப்போதே பிடுங்கி நடலாமா?

கோவை அக்கா:
பிடுங்காதே, வேரோடு மண் சேர்த்துத் தோண்டி எடு. சாயங்காலம் நட்டு, வேர் பிடிக்கும் வரை நிழல் கொடு.