சித்தப்பாவின் 1750 ஸ்பைடர்: பழைய இன்ஜினைத் தேடுவதா, இருப்பதைக் காப்பதா?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்)

அனைவருக்கும் வணக்கம். சென்ற ஆண்டு காலமான என் சித்தப்பாவின் ஆல்ஃபா ரோமியோ 1750 ஸ்பைடர் வெலோசே என்ற திறந்த கூரை இத்தாலியக் கார், சித்தியின் விருப்பப்படி இப்போது என் பொறுப்பில் இருக்கிறது. வலப்பக்க ஸ்டியரிங், உருண்ட வால், 1968ஆம் ஆண்டு வண்டி. தென்னாப்பிரிக்க நிறவெறி ஆட்சியின் குழுப் பகுதிச் சட்டத்தால் கேட்டோ மேனர் வீட்டை இழந்து சாட்ஸ்வர்த்துக்கு வந்த எங்கள் குடும்பத்தில் ஓடிய முதல் கார் இதுதான். சித்தப்பா இதை 1973இல் பழைய வண்டியாக வாங்கினார். அதற்கு முன் யார் வைத்திருந்தார்கள் என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. 1979 வாக்கில் இன்ஜின் பழுதாகி, அவரும் ஒரு நண்பருமாக வேறொன்றைப் பொருத்தினார்கள். அதன் எண் 00512 என்று தொடங்குகிறது. சிவப்புப் பெயின்ட் உரிந்த இடங்களில் அடியில் வெள்ளை தெரிகிறது. 1992 முதல் கொட்டகையிலேயே நிற்கிறது. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே மீட்பதா, சித்தப்பா ஓட்டிய நிலையில் காப்பதா என்று முடிவு செய்ய முடியாமல் தவிக்கிறேன்.

பதில் 1 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

தம்பி, ஒரு திருகைக்கூடக் கழற்றுவதற்கு முன் எண்களைப் படமெடுத்து வையுங்கள். பானட்டைத் திறந்தால், இன்ஜினுக்குப் பின்னால் இருக்கும் தடுப்புத் தகட்டில் சேசிஸ் எண் பொறிக்கப்பட்டிருக்கும். வலப்பக்க ஸ்டியரிங் கொண்ட 1750 ஸ்பைடரின் வகை எண் 105.58. தொழிற்சாலை இன்ஜினின் எண் 00548 என்று தொடங்கியிருக்கும். அது 1779 சிசி. உங்களிடம் இருப்பது 1971இல் வந்த 2000 வகையின் 1962 சிசி இன்ஜின். இரண்டும் ஒரே குடும்பத்து அலுமினிய இன்ஜின்கள் என்பதால், பெரிய மாற்றம் எதுவும் செய்யாமலே உட்கார்ந்திருக்கும்.

மிலான் அருகே அரேசேயில் உள்ள ஆல்ஃபா ரோமியோ ஆவணக் காப்பகத்துக்குச் சேசிஸ் எண்ணை அனுப்பினால், வண்டி உருவான நாள், முதல் நிறம், முதலில் அனுப்பப்பட்ட இடம் ஆகியவற்றுக்குச் சான்றிதழ் கிடைக்கும். உரிமையாளர்களின் வரிசை அதில் இராது. அதை இங்கேதான் தேட வேண்டும்: பழைய பதிவுப் புத்தகம், காப்பீட்டுத் தாள்கள், காரேஜ் ரசீதுகள், கண்ணாடியிலிருந்து எடுத்துப் பத்திரப்படுத்திய, வண்டியின் ஆண்டு உரிமத்தைக் காட்டும் லைசென்ஸ் வில்லைகள். சித்தியிடம் உட்கார்ந்து பேசி, பழைய கல்யாணப் புகைப்படங்களையும் பாருங்கள். பின்னணியில் நிற்கும் காரின் நம்பர் பிளேட்டே சில நேரம் ஓர் ஆண்டை உறுதிப்படுத்திவிடும்.

பதில் 2 (ஜோகன்னஸ்பர்க்)

நான் வேறு விதமாக நினைக்கிறேன். இத்தாலிய கார் வடிவமைப்பு நிறுவனமான பினின்ஃபரினா 1966இல் உலகுக்குக் காட்டிய அந்த உருண்ட வால் வடிவம் 1969 வரைதான் நீடித்தது. பிறகு வாலை வெட்டிவிட்டார்கள். உருண்ட வாலில் 1750 என்றால் ஏறக்குறைய இரண்டே ஆண்டுகள். இத்தனை அரிய வண்டிக்கு 00548 இன்ஜின் ஒன்றைத் தேடிப் பொருத்துவதும், வெள்ளை நிறத்துக்குத் திரும்புவதும் நாம் அதற்குச் செய்யும் கடமை.

பதில் 3 (டோங்காட்)

இன்ஜினை நீங்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம். உடல் காத்திருக்காது. இதற்குத் தனி அடிச்சட்டம் (சேசிஸ்) கிடையாது; உடலே எடையைத் தாங்குகிறது. மேற்கூரையும் இல்லாததால், கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டங்கள்தாம், அதாவது சில்கள்தாம், முதுகெலும்பு. ஒவ்வொன்றிலும் மூன்று அடுக்குத் தகடுகள் உண்டு. டர்பன் கடற்காற்றில் முப்பது ஆண்டுகள் நின்ற வண்டியில் வெளித்தகடு நன்றாகத் தெரிந்தாலும் நடுத்தகடு பொடியாகியிருக்கக்கூடும். காந்தத்தை ஓட்டிப் பாருங்கள்; ஒட்டாத இடம் பட்டி பூசிய இடம். வெட்டுவதற்கு முன் கதவு வாயில்களுக்குக் குறுக்கே இரும்புக் குழாய்களைப் பற்றவைத்து, ஒரு பக்கத்தை முழுவதும் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். அவசரப்பட்டு இரண்டையும் ஒருசேர வெட்டினால் உடல் நடுவில் தொய்ந்து, கதவுகள் பிறகு ஒருபோதும் சரியாக மூடா. என் கண்முன் ஒரு வண்டி அப்படிப் பாழானது.

இன்ஜினைச் சாவி போட்டுச் சுழற்றவே வேண்டாம். ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, சிலிண்டர்களில் எண்ணெய் விட்டு, சில நாள் ஊறவைத்துக் கையால் திருப்புங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. நேற்று டேஷ்போர்டின் அடிப்பக்கத்தையும் டிக்கியின் உட்புறத்தையும் பார்த்தேன். வெள்ளை அங்கே கலையாமல் இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் இன்ஜின் எண் இன்னும் 00548 என்றே இருப்பதால், எதைப் பொருத்தினாலும் முதலில் அந்தத் தாளைச் சரிசெய்தாக வேண்டும். அரேசேக்கு எழுதிவிட்டேன். உடலை வெள்ளைக்கு மாற்றுவேன். இன்ஜினைப் பற்றி ஜோகன்னஸ்பர்க் நண்பர் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் அதைத் தூக்கி இறக்கியபோது சங்கிலியைப் பிடித்திருந்தது என் அப்பா என்று சித்தி நேற்றுதான் சொன்னார். 2000 இன்ஜின் அதிலேயே இருக்கும்.