ஆம்பளைங்க கார்டிகன்: பட்டன் பட்டி நெளி நெளியா நிக்குது, பிரிச்சுத் தைச்சா சரியாகுமா?

தண்டையார்பேட்டை:
வணக்கம். வீட்டுக்காரருக்கு வி கழுத்து வெச்ச கார்டிகன் (முன்பக்கம் திறந்து பட்டன் போடற ஸ்வெட்டர் மாதிரி உடுப்பு) தைச்சிருக்கேன். உடம்பு, கை எல்லாம் சேர்த்த வரைக்கும் பிரச்சினை இல்லை. பட்டன் பட்டியை வெச்சுத் தைச்சதும் முன்பக்க ஓரம் ரெண்டும் பொரிச்ச அப்பளம் மாதிரி நெளிஞ்சு நிக்குது. அயர்ன் பண்ணினா படியுது, கையில எடுத்தா திரும்ப எழும்புது.

விவரம்: துணி காட்டன் லூப்நிட் (கனமான பனியன் துணி), நீள்றதுக்குக் கொஞ்சம் லைக்ரா கலந்தது, 260 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 260 கிராம்). மார்பளவு 40, தைச்சு முடிச்ச சுற்றளவு 44, நீளம் 27 இன்ச். ஜிக்ஜாக் வர்ற மோட்டார் மிஷின், ஓவர்லாக் கிடையாது. சாதா 14 நம்பர் ஊசி, ஸ்பன் பாலியஸ்டர் நூல். பட்டிக்கு அதே கலர்ல ரிப் துணி (வரி வரியா இருக்கிற பனியன் துணி), அகலவாட்டுல வெட்டினேன். வெட்டின துணி மேலயே டேப் வெச்சு ஒரு பக்க அடியிலிருந்து பின்கழுத்து வழியா மறுபக்க அடி வரைக்கும் அளந்தேன், 64½ வந்தது. பட்டியையும் 64½க்கே வெட்டினேன்.

இன்னும் ரெண்டு விஷயம். லைக்ரா இருக்கிற இடத்துல தையல் விட்டு விட்டு விழுது. தோள் கைப்பக்கமா இறங்குது. புதுசா வெட்டாம இதையே காப்பாத்த முடியுமா? இன்னும் காஜா எடுக்கலை.

பெரம்பூர்:
அந்த 64½லதான் கோளாறு இருக்குன்னு நினைக்கிறேன். 27 இன்ச் நீள கார்டிகனுக்கு அவ்வளவு வராது. பேட்டர்ன் பேப்பர் இருக்கா? அதுல தையல் கோட்டு மேல மூணு துண்டா அளந்து சொல்லுங்க: அடியிலிருந்து வி ஆரம்பிக்கிற முனை வரை, அந்த முனையிலிருந்து தோள் வரை, பின்கழுத்து. வெட்டும்போது துணி மேஜையை விட்டுக் கீழே தொங்கினதா?

தண்டையார்பேட்டை:
பேப்பர்ல அடியிலிருந்து வி முனை 15½, முனையிலிருந்து தோள் 11½, பின்கழுத்து 7½. ரெண்டு பக்கமும் சேர்த்தா 61½தான் வருது அண்ணா! 3 இன்ச் வித்தியாசம். ஆமா, சாப்பாட்டு மேஜையில வெட்டினேன், மீதித் துணி கீழே தொங்கிட்டு இருந்தது.

பெரம்பூர்:
அப்போ விஷயம் தெளிவாயிடுச்சு. பனியன் துணி முழுக்க நூல் வளையம்தான். மேஜையிலிருந்து தொங்கின எடை வெட்ட வெட்ட ஓரத்து வளையங்களை இழுத்து நீட்டிடுச்சு. வி கழுத்துச் சரிவு மூலைவாட்டுல போறதால கை பட்டாலே நீளும். நீண்டுபோன ஓரத்தை அளந்து அதே நீளத்துக்குப் பட்டியும் வெட்டினதால அந்த 3 இன்ச் அப்படியே தங்கிடுச்சு. அதனாலதான் அயர்ன் நிக்கலை. வெட்டின துணியோட ஓரத்தை எப்பவும் அளக்காதீங்க, பேப்பரை அளங்க. துணி நீளும், பேப்பர் நீளாது.

புதுத் துணி வேண்டாம், இதையே சரி பண்ணலாம். முதல்ல பட்டியைப் பிரிங்க. பாபின் பக்கத்துல மூணு தையலுக்கு ஒன்னு அறுத்துட்டே போங்க, அப்புறம் மேல்நூலை உருவினா தானா வரும். அவசரப்பட்டு ரெண்டு துணியையும் பிடிச்சு இழுத்தீங்கன்னா ஓரம் இன்னும் ஒரு இன்ச் நீண்டுடும்.

பிரிச்சதும் உடம்புத் துணியை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு, டவல்ல சுருட்டி அழுத்தித் தண்ணி எடுத்துட்டு, தரையில பாய் மேல பருத்தித் துணி விரிச்சுப் படுக்க வெச்சுக் காய வைங்க. கொடியில போடக் கூடாது. காட்டனும் லைக்ராவும் பாதிக்கு மேல தானா சுருங்கி வரும்.

மீதி நீளத்துக்கு: ஓரத்திலிருந்து கால் இன்ச் உள்ளே 4 மிமீ நீளத் தையல் ஒரு வரிசை, ரெண்டு முனையிலும் நூலை விட்டு ஓட்டுங்க. பேப்பர் பேட்டர்னைத் தரையில வெச்சு அதுக்கு மேல துணியைப் பரப்பி, பாபின் நூலைக் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து ஓரத்தைப் பேப்பர் அளவுக்குக் கொண்டு வாங்க. சுருக்கம் ஒரே இடத்துல குவியாம விரலால தள்ளிப் பரப்பணும். ஈரத்துணி போட்டு இஸ்திரிப் பெட்டியை வெச்சு வெச்சு எடுங்க, தேய்க்கக் கூடாது. ஒரு பக்கத்துக்கு ஒன்னரை இன்ச், அது 27 இன்ச்ல பரவுறதால கண்ணுக்குத் தெரியாது.

பழைய வண்ணை:
குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். பட்டி முழுக்க சட்டைக் காலருக்குப் போடற ஒட்டு கேன்வாஸ் வெச்சுட்டா நெளியவே நெளியாதே, அது சுலபமில்லையா?

பெரம்பூர்:
வேண்டாம். காலர் கேன்வாஸ் துளிகூட நீளாது, உடம்புத் துணி நீளும். போட்டு நடக்கும்போது உடம்பு தொங்கும், பட்டி கம்பு மாதிரி நிக்கும். ஓரம் மேல சுருட்டிக்கும். ரெண்டு மூணு துவைப்புல கேன்வாஸ் தனியாவும் துணி தனியாவும் சுருங்கிக் கொப்புளம் விடும். பின்கழுத்துல வளையாது வேற. லேசான நிட் ஃபியூசிங் (பனியன் துணிக்கு உள்ளே இஸ்திரி போட்டு ஒட்டற துணி) வாங்குங்க, சல்லடை மாதிரி மெல்லிசா, ஒரு வாட்டத்துல மட்டும் நீளும். அதையும் பட்டன் வர்ற நேர்ப்பகுதிக்கு மட்டும், அடியிலிருந்து வி முனை தாண்டி அரை இன்ச் வரைக்கும் ஒட்டுங்க. நீளாத வாட்டம் பட்டியோட நீளத்துக்கு வரணும். வி சரிவுலயும் பின்கழுத்துலயும் ஒட்டவே கூடாது, அங்கே பட்டி இழுபடணும்.

இப்போ பட்டி. ரிப்பை அகலவாட்டுல வெட்டினதும் ஒரு தப்பு. அகலவாட்டு ரிப் ரப்பர் மாதிரி நீளும், கைமணிக்கட்டுக்கும் இடுப்புக்கும் அது சரி. பட்டன் பட்டிக்கு ரிப்போட வரி பட்டி நீளத்துக்கே ஓடணும். பட்டன்களுக்கு நடுவுல வாய் பிளக்காம இருக்கிறது அப்போதான்.

நீளக் கணக்கு உங்க அளவுக்கே போட்டுத் தர்றேன். நேர்ப்பகுதி 15½ இரண்டு பக்கம், 31, இதுல குறைக்கவே கூடாது. வி சரிவு 11½ இரண்டு, 23, இதுல நூத்துக்கு அஞ்சு குறைச்சா 21¾ சொச்சம். பின்கழுத்து 7½, நூத்துக்குப் பத்து குறைச்சா 6¾. மொத்தம் 59½. ரெண்டு அடிமுனையும் தைச்சுத் திருப்ப அரை அரை இன்ச். அவ்வளவு நீளத் துணி இருக்காது, பின்கழுத்து நடுவுல ஒட்டுப் போடுங்க, அதுக்கும் ரெண்டு பக்கம் அரை அரை. ஆகப் பட்டி ரெண்டு துண்டு, ஒவ்வொன்னும் 30¾. அகலம் 3¼: மடிச்சு 1¼ வரும், தையலுக்கு ரெண்டு ஓரத்திலும் 3/8. 28 லைன் பட்டன், அதாவது 18 மிமீ, இந்த அகலத்துல அழகா உட்காரும்.

பட்டியில வி முனை, தோள், பின்கழுத்து நடு மூணையும் சாக்குல குறிச்சு, உடம்புல அதே இடத்தோட பொருத்திக் குத்தூசி போடுங்க. குறிக்காம ஒரு முனையிலிருந்து மட்டும் தைச்சுட்டே போனா, குறைச்ச அளவு எல்லாம் கடைசியில் ஒரு பக்கமாப் போய்ச் சேரும், ஒரு பக்க முன்பாகம் மறுபக்கத்தை விட இறங்கி நிக்கும். தைக்கும்போது உடம்பு கீழே, பட்டி மேலே. மிஷின் பல்லு கீழ்த்துணியைத்தான் வேகமா இழுக்கும், நீளமா இருக்கிறதை அது வாங்கிக்கும். ஜிக்ஜாக் அகலம் 1 மிமீ, நீளம் 2½ மிமீ. நேர்ப்பகுதியில துணியை இழுக்கவே கூடாது, சரிவுலயும் கழுத்துலயும் மட்டும் பட்டியைக் குறி வரைக்கும் மெதுவா இழுத்துப் பிடிங்க.

மிஷின் காலடி துணியை அழுத்தறதைக் கூட்டிக் குறைக்கிற பிரஷர் குமிழ் இருந்தா பாதிக்குக் குறைங்க. குமிழ் இல்லாத மிஷின்னா துணிக்கு அடியில பட்டர் பேப்பரை ஒரு இன்ச் பட்டையா வெட்டி வெச்சுத் தைச்சு, அப்புறம் கிழிச்சுடுங்க. செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும்.

திருவொற்றியூர்:
தையல் விட்டு விழறதுக்கு நான் சொல்றேன்ம்மா. அது ஊசிக் கோளாறு, மிஷின் ரிப்பேர் இல்லை. சாதா ஊசி லைக்ராவைக் குத்திட்டு மேலே வரும்போது துணியும் ஊசியோட ஒட்டி எழும்புது. அப்போ ஊசிக் கண்ணுக்குப் பக்கத்துல நூல் வளையம் விழாது, கீழே கொக்கி பிடிக்க ஒன்னும் இருக்காது, அந்தத் தையல் போயிடும். கூடவே கூர் முனை வளையத்து நூலையே அறுக்கும், துவைச்சதும் ஊசித் துளையிலிருந்து ஏணி மாதிரி ஓடும். ஸ்ட்ரெட்ச் ஊசி 75/11 வாங்குங்க, ரிப்போட நாலு மடிப்பு சேர்ற இடத்துல அது திணறினா 90/14. வீட்டு மிஷினுக்கு ஒரு பக்கம் தட்டையான தண்டு உள்ள ஊசி, தட்டைப்பக்கம் உங்க மிஷின்ல எந்தப் பக்கம் வரணுமோ அப்படியே போடுங்க. சவுகார்பேட்டை தையல் சாமான் கடையில "பனியன் துணி ஊசி"ன்னு கேட்டா எடுத்துத் தருவாங்க, உறையில "ஸ்ட்ரெட்ச்"னு இருக்கான்னு நீங்களே பார்த்து வாங்குங்க. வெறும் பால்பாயிண்ட்ல (உருண்டை முனை ஊசியில) லைக்ரா சில சமயம் அடங்காது.

நம்ம பக்கம் கடல்காத்து, உறையைப் பிரிச்சு வெச்ச ஊசி சீக்கிரம் துருப்பிடிக்கும். பழைய நைலான் புடவையில முனையை லேசா இழுத்துப் பாருங்க, நூல் மாட்டுச்சுன்னா அந்த ஊசியைத் தூக்கிப் போடுங்க.

தோளுக்கு: பேப்பர்ல தோள் எத்தனை இன்ச்? அதே நீளத்துக்குப் புடவை ஃபால்ஸ் துணியை கால் இன்ச் அகலத்துல நீளவாட்டுல கிழிச்செடுங்க. ஃபால்ஸை முன்னாடியே நனைச்சுக் காயப்போட்டிருக்கணும், இல்லேன்னா முதல் துவைப்புல அது சுருங்கித் தோளைக் கொசுவிடும். தோள் தையலைப் பிரிக்கத் தேவையில்லை. உள்பக்கம் தையலுக்கு விட்ட துணி மேல இந்தப் பட்டையை வெச்சு, ரெண்டு முனையும் பொருத்தி, நடுவுல துணியை அதுக்குள்ள அடக்கி ஜிக்ஜாக் ஓட்டுங்க. கையோட முழு எடையும் தொங்கறது அந்தத் தையல்லதான்.

தண்டையார்பேட்டை:
ரொம்ப நன்றி. தோள் பேப்பர்ல 6, துணியில 6¾ இருந்தது. ஃபால்ஸ் பட்டை வெச்சதும் 6க்கு வந்துடுச்சு. நனைச்சுப் படுக்க வெச்சதுலயே முன் ஓரம் மொத்தம் 62¾ ஆச்சு, மீதியை நூல் இழுத்து 61½க்குக் கொண்டுவந்தேன். புதுப் பட்டி நெளியாம நேரா நிக்குது. 75/11 ஊசியில ஒரு தையல்கூட விடலை.

ஆனா மிச்சத் துணியில காஜா எடுத்துப் பார்த்தா, அந்த இடம் மட்டும் உதடு மாதிரி விரிஞ்சு நிக்குது. ஃபியூசிங் ஒட்டியிருக்கேன். அஞ்சு பட்டன், எவ்வளவு இடைவெளி விடணும்?

பெரம்பூர்:
காஜாத் தையல் நெருக்கமா விழுது. நூல் போய் உட்கார உட்காரத் துணி பக்கவாட்டுல தள்ளப்படும். தையல் நீளம் 0.3 மிமீல இருந்தா 0.5க்கு மாத்துங்க, நெருக்கம் குறையும். காஜா பட்டியோட நீளவாட்டுல, நடுக்கோட்டு மேல வரணும். ஜிக்ஜாக்குக்கு அடியில கொஞ்சம் தடிச்ச நூலை, எம்பிராய்டரி நூல் மூணு இழை போதும், காலடியில வளையமா மாட்டி அதுக்கு மேல தையல் விழற மாதிரி ஓட்டுங்க. முடிச்சதும் அந்த நூலை இழுத்தா காஜா தன் அளவுக்குச் சுருங்கும், முனையை ஊசியில கோத்து உள்ளே முடிச்சுப் போடுங்க. கீழே பட்டர் பேப்பர் கட்டாயம்.

நீளம்: பட்டன் 18, தடிப்பு 3, சேர்த்து 21 மிமீ. பனியன் துணி கொஞ்சம் கொடுக்கும், 19க்கு எடுத்து மிச்சத் துணியில பட்டனை நுழைச்சுப் பார்த்து முடிவு பண்ணுங்க. கிழிக்கும்போது ரெண்டு முனையிலும் குத்தூசி போட்டு, முனையிலிருந்து நடுவுக்கு வாங்க.

இடைவெளி: மேல் பட்டன் வி முனைக்கு அரை இன்ச் கீழே, கடைசி பட்டன் அடியிலிருந்து ஒரு இன்ச் மேலே. நடுவுல 14 இன்ச், நாலு பங்கு, 3½ இன்ச். ஆம்பளை உடுப்பு, அதனால காஜா போட்டுக்கிறவரோட இடது பக்கம், பட்டன் வலது பக்கம். பட்டியைத் தைச்ச கையோட மறந்துடாம சாக்குல எழுதி வைங்க.

பழைய வண்ணை:
காஜாவைக் காஜா மிஷின் கடையில கொடுத்து எடுக்கலாமா? ஒரு காஜாவுக்கு இவ்வளவுன்னு வாங்குவாங்க.

பெரம்பூர்:
கொடுக்கலாம். ஆனா அந்த மிஷின் தைச்ச வேகத்துல கத்தியால வெட்டியும் விடும், தப்பானா திருத்த வழியில்லை. ஃபியூசிங் ஒட்டி, மடிச்சு, அதே தடிமன்ல ஒரு துண்டையும் ஒரு பட்டனையும் கொண்டு போய் முதல்ல அதுல போட்டுக் காட்டச் சொல்லுங்க. சட்டைத் துணிக்கு வெச்ச நெருக்கத்தையே ஓட்டுவாங்க, அதைக் குறைக்கச் சொல்லணும்.

தண்டையார்பேட்டை:
வீட்டுலயே எடுத்துட்டேன். தடி நூல் வெச்சதும் விரியலை. அஞ்சும் நேர்க்கோட்டுல இருக்கு. பட்டனுக்கு இப்பவே ஸ்கேல் வெச்சுக் குறிக்கட்டுமா?

பெரம்பூர்:
ஸ்கேல் வேண்டாம். ரெண்டு முன்பக்கத்தையும் அடி ஓரம் சேர வெச்சு ஒன்னு மேல ஒன்னு பரப்புங்க. ஒவ்வொரு காஜாவோட மேல்முனையிலிருந்தும் 3 மிமீ கீழே குத்தூசியைக் குத்தி, கீழ்த்துணியில ஊசி இறங்கின இடத்துல சாக்கு வைங்க. போட்டதும் உடுப்போட எடை காஜாவைக் கீழே இழுக்கும், பட்டன் மேல்முனைக்குப் போய் நிக்கும். உள்பக்கம் சின்னதா ஒரு சட்டைப் பட்டனை அணையா வெச்சு ரெண்டையும் சேர்த்துத் தைங்க, இல்லேன்னா ரிப் வளையம் பிய்யும். வெளிப்பக்கப் பட்டன் மேல ஒரு தீக்குச்சியை வெச்சுத் தைச்சு, குச்சியை உருவிட்டு, தொங்கின நூலைப் பட்டனுக்கு அடியில நாலு சுத்து சுத்தி முடிச்சுப் போடுங்க. மேல்பட்டித் தடிப்புக்கு அந்த இடைவெளி வேணும்.