அந்த 'ஷி ஷுவா ஷுவா' பையன்கள் உங்களிடம் எங்கே மாட்டினார்கள்?

கடைசி_பெஞ்ச்_பேஸ்

ஹுவார் என்ற பெய்ஜிங் ராக் பாண்டைப் பற்றி இங்கே பேச ஆள் இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன். யார் அவர்கள், என்ன பாடினார்கள் என்றெல்லாம் விளக்கப் போவதில்லை. தெரிந்தவர்கள் மட்டும் படித்தால் போதும்.

2012, பெய்ஜிங். அலுவலக விருந்து முடிந்து எல்லோரும் கேடிவிக்கு, அதாவது அறை எடுத்துக் கரோக்கே பாடும் இடத்துக்குப் போனோம். அறையில் பதினோரு பேர், தட்டு நிறைய சூரியகாந்தி விதை, கையில் ஆளுக்கொரு பிளாஸ்டிக் கிலுக்கு. வெளிநாட்டுக்காரன் ஒரு சீனப் பாட்டுப் பாடியே ஆக வேண்டும் என்று பிடித்துக்கொண்டார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான், ஹுவாரின் ஷி ஷுவா ஷுவா. போட்டேன். எல்லோரும் கையைத் தேய்த்துத் தேய்த்து ஆடினார்கள். கணக்குப் பிரிவு அக்கா மட்டும் எழுந்து போய், பாதிப் பாட்டில் அடுத்த பாட்டுக்குத் தள்ளும் பட்டனை அழுத்தினார். வருடம் முழுக்க 'பில் எங்கே' என்பதைத் தவிர என்னிடம் ஒரு வார்த்தை பேசாதவர்.

அவர் போட்டது 'ஜிங் ஜி'. அசையாமல் நிற்பது என்று பொருள். அதே பாண்டின் 1999 முதல் ஆல்பத்தில் வந்தது. மைக்கில் எக்கோவைக் குறைத்துவிட்டு, கத்தாமல், பக்கத்தில் இருப்பவரிடம் சொல்வது போலப் பாடினார். முடிந்ததும், "அப்போது எனக்கு 14. பாடியவனுக்கு என்னைவிட ஒரு வயதுதான் கூட" என்றார். யாரும் கிலுக்கை ஆட்டவில்லை.

எனக்கு அந்த மௌனம் பொறுக்கவில்லை. கலகலப்பாக்கலாம் என்று மறுபடியும் ஷி ஷுவா ஷுவாவைப் போட்டேன். அக்கா பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். திங்கட்கிழமை வழக்கம்போல "பில் எங்கே" என்று கேட்டார். அவ்வளவுதான் விஷயம். ஆனால் இத்தனை வருடம் ஆகியும் விரல் அந்தப் பட்டனில் இருப்பது போலவே இருக்கிறது.

வூஹான்_ஸ்டெதஸ்கோப்

அண்ணா, நீங்கள் ஒரு தடவை போட்டதற்கே இப்படி. நான் அதை ஒரு வருடம் தினமும் கேட்டவன்.

2006-ல் வூஹானில் எம்பிபிஎஸ் முதல் வருடம். விடுதியைப் பார்த்துக்கொண்ட அம்மாவுக்கு போன் போட்டால் அதுதான் காலர் டியூன். அந்தப் பாட்டு சிடியில் ஓடியதைவிடக் காலர் டியூனில்தான் அதிகம் ஓடியிருக்கும். சாவியைத் தொலைத்துவிட்டு ராத்திரி 11 மணிக்கு வாசலில் நின்று அவருக்கு போன் செய்கிறேன், உள்ளே மணி அடிக்கிறது, என் காதில் 'ஷி ஷுவா ஷுவா'. அவர் எடுக்கவே இல்லை. குளிரில் ஏழு தடவை கேட்டேன். மறுநாள் காலை அதே பாட்டை முணுமுணுத்தபடி பிரஷ்ஷால் படிக்கட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பாட்டின் பெயரே தேய்க்கிற சத்தம்தானே, பொருத்தமாகத்தான் இருந்தது.

அதே வருடம்தான் அது ஜப்பானின் பஃபி என்ற பெண்கள் ஜோடியின் பாட்டு மாதிரி இருக்கிறது என்று பெரிய ரகளை ஆனது. மற்ற பாட்டுகள் மேலும் வரிசையாகப் புகார் வந்தது. இதில் வேடிக்கை, என்னிடமிருந்து எடுத்ததைத் திருப்பிக் கொடு என்று கேட்பதுதான் அந்தப் பாட்டே! எங்கள் வகுப்புச் சீனப் பையன்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள்.

ஹுவாரை பங்க் பாண்டு என்கிறார்கள். அடங்காமல் கத்துகிற ராக்தானே பங்க், இதில் அது எங்கே இருக்கிறது என்று மட்டும் யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

தாகோவ்_பெட்டி

பங்க் எங்கே என்று கேட்ட டாக்டர் தம்பிக்கு: நீங்கள் வந்தது 2006-ல். அதற்குள் படம் பாதிக்கு மேல் ஓடிவிட்டது.

நான் 2001-ல் பெய்ஜிங்கின் வூதாவ்கோ பகுதியில் சீன மொழி படித்துக்கொண்டிருந்தேன். ரயில் பாதைப் பக்கம் பெட்டி பெட்டியாக தாகோவ் சிடி, கேசட் விற்பார்கள். தாகோவ் என்றால் வெட்டு வாய். மேற்கு நாடுகளில் விற்காமல் தேங்கிய சிடிகளை ஓரத்தில் ரம்பத்தால் வெட்டி பிளாஸ்டிக் கழிவு என்று கப்பலேற்றுவார்கள். சீனாவில் அது மறுசுழற்சிக்குப் போகாமல் தெருவுக்கு வந்துவிடும். சிடி நடுவிலிருந்து வெளியே நோக்கி ஓடுவது என்பதால் ஓரத்து வெட்டில் போவது கடைசி ஒன்றிரண்டு பாட்டுதான். மிச்சம் நன்றாகப் பாடும். அந்தத் தலைமுறையில் கிடார் எடுத்தவர்களில் பலருக்குப் பாடப் புத்தகமே இதுதான்.

ஒரு சாயங்காலம் நீலமும் வெள்ளையுமாக ஸ்கூல் டிராக் சூட் போட்ட பையன் ஒருவன் என் பக்கத்தில் குந்தியிருந்தான். அமெரிக்க பங்க் பாண்டு கிரீன் டேயின் சிடி ஒன்றை எடுத்து வெயிலுக்கு நேராகத் தூக்கி, வெட்டின் வழியாக ஒற்றைக் கண்ணால் பார்த்தான். "எத்தனை பாட்டு போச்சு?" என்றான். "ஒன்று" என்றார் கடைக்காரர். "அது எப்படி இருக்கும்?" கடைக்காரர் கொஞ்சமும் யோசிக்காமல் ஒரு மெட்டை ஹம் பண்ணிக் காட்டினார். அந்தச் சிடியை நான் முன்பே கேட்டிருக்கிறேன். அதில் அப்படி ஒரு பாட்டே கிடையாது. பையன் தலையை ஆட்டிக்கொண்டே காசை எண்ணிக் கொடுத்துவிட்டு, அந்த மெட்டை முணுமுணுத்தபடி சைக்கிளில் போனான்.

நான் வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

ஹுவார் முளைத்தது இந்த மண்ணில்தான். 1998-ல் ஆரம்பித்தபோது எல்லாம் பள்ளிக்கூடப் பையன்கள். பாடகன் பெயர் ஜாங் வெய். சீனாவில் தெருவுக்கு நாலு பேருக்கு அந்தப் பெயர் இருக்கும், அதனால் முன்னால் ஒரு 'தா', அதாவது 'பெரிய', சேர்த்து தா ஜாங் வெய் ஆனான். நியூ பீஸ் என்ற சின்ன நிறுவனம் 1999-ல் போட்ட முதல் ஆல்பத்தின் பெயர் 'மகிழ்ச்சியின் பக்கத்தில்'. உள்ளே இல்லை, பக்கத்தில். 15 வயசுக்கு இதைவிட என்ன பங்க் வேண்டும்? பள்ளி விட்டதே ஒரு பாட்டு அவர்களுக்கு. இஎம்ஐ என்ற பெரிய இசை நிறுவனம், காலர் டியூன், ரகளை எல்லாம் 2004-க்கு அப்புறம் வந்தவை.

மூணு_கார்டு_மணி

என் அனுபவம் சின்னது. 2010-ல் பெய்ஜிங் குலோவ் கிழக்குத் தெருவில் இருந்த மாவோ லைவ்ஹவுஸ் என்ற கச்சேரி ஹாலில் ரிஃப்ளெக்டர் என்ற பங்க் பாண்டைப் பார்த்தேன். மேடையிலிருந்து குதித்த ஒருவரின் ஷூ என் வாயில் பட்டுப் பல் உடைந்தது. ஷூவுக்குச் சொந்தக்காரர் வந்து மன்னிப்புக் கேட்டு, நன்றாக இருந்த என் இன்னொரு பல்லைப் பார்த்து "இதுவா?" என்றார். அவ்வளவுதான்.

ஆனால் இங்கே வந்த பதிவுகளைப் படித்ததும் சிலது சொல்லத் தோன்றுகிறது. முதலில், ஹுவாரை வைத்து சீன பாப் பங்க்கை எடை போடாதீர்கள். 1999-ல் 'சலிப்புப் படை' என்று நாலு பாண்டுகள் சேர்ந்து ஒரு இரட்டை ஆல்பம் போட்டார்கள். அதில் பிரெய்ன் ஃபெய்லியரும் உண்டு, ரிஃப்ளெக்டரும் உண்டு. வூதாவ்கோவில் ஸ்க்ரீம் கிளப்பில் வளர்ந்த கூட்டம். ரிஃப்ளெக்டர் அன்று தொட்டு மூன்றே பேர், கிடார், பேஸ், டிரம்ஸ். வேலையில்லாதவனுக்கு அதிலிருந்து ஆரம்பிப்பது நல்லது, வேலையுள்ளவனுக்கு நியூ பேண்ட்ஸ் (புதுக் கால்சட்டை என்று பொருள்) பாண்டு நல்லது. நியூ பேண்ட்ஸின் 1998 ஆல்பத்தைக் கேளுங்கள், நேராக அமெரிக்க பங்க் முன்னோடிகள் ராமோன்ஸ் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து வாசித்தது போல இருக்கும். அப்புறம் அவர்கள் சிந்தசைசர், டிஸ்கோ என்று போய்விட்டார்கள். அதற்காகக் கோபப்படாதீர்கள், அதுவும் நன்றாகத்தான் இருக்கும். 2019-ல் ஐச்சியி தளத்தில் வந்த பாண்டுகள் போட்டியில் 31 பாண்டுகளில் முதலிடம் அவர்களுக்குத்தான். நாற்பதைத் தாண்டிய ஆட்கள்! ரிஃப்ளெக்டரும் அதில் வந்தது. பழைய பாண்டுகளுக்கு அதற்குப் பிறகுதான் திருவிழா மேடைகளில் நல்ல நேரம், நல்ல பணம்.

இரண்டாவது, பாடல் வரிகளுக்கு மொழிபெயர்ப்புத் தேடாதீர்கள். ஒரு மாதம் சும்மா கேளுங்கள், பிறகு அகராதியை எடுங்கள். காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள். சின்ன ஹாலில் முதல் வரிசை வேண்டாம், பல் போகும். கேடிவியில் அடுத்தவர் பாட்டு முடிந்ததும் குறைந்தது ஒரு நிமிடம் பட்டனைத் தொடாதீர்கள்.

மூன்றாவது, பேஸ் தம்பிக்கு. அந்த அக்காவை விசாட் செயலியில் தேடிப் பிடித்து ஒரு மன்னிப்புக் கேளுங்கள். நேரடியாகக் கேட்க வேண்டாம், சீனர்களுக்கு அது சங்கடம். முதலில் பண்டிகை வாழ்த்து, ஒரு வாரம் கழித்து ஒரு பாட்டு, பிறகு...

வூஹான்_ஸ்டெதஸ்கோப்

மணி சார், அவர் அட்வைஸ் கேட்கவே இல்லையே. உங்கள் பல் கதை மூன்று வரி, அதற்கு மருந்துச் சீட்டு மூன்று பக்கம்.

தாகோவ் சார் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், முதல் ஆல்பத்தை நேற்று ராத்திரி கேட்டேன். தப்பு என் பக்கம்தான். ஆனால் பெய்ஜிங்கை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். வூஹானில் எஸ்எம்இசெட்பி என்ற பங்க் பாண்டு 1996-லேயே ஆரம்பித்தது. விஓஎக்ஸ் என்ற ஹாலில் நான் அவர்களை இரண்டு முறை பார்த்தேன். யாரும் காலர் டியூன் ஆகவில்லை, யாரும் தா ஜாங் வெய் மாதிரி டிவியில் காமெடியும் பண்ணவில்லை.

தாகோவ்_பெட்டி

காலர் டியூன் ஆகாதது பெருமை என்றால் நானும் பெருமைக்குரியவன்தான் தம்பி. ஜாங் வெய்யை 15 வயதில் கொண்டாடிவிட்டு 22 வயதில் திருடன் என்றார்கள். ஷி ஷுவா ஷுவாவுக்கு வந்த ராயல்டியைத் திருப்பிக் கொடுத்ததாகவும் செய்தி வந்தது. 2009-ல் பாண்டு கலைந்தது. இதில் யோக்கியன் யார் என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எடுத்தது எடுத்ததுதான், அதை மறுக்கவில்லை.

குவாங்ஜோ_சாம்பார்

நான் உங்கள் அளவு விவரம் தெரிந்தவள் இல்லை. கணவர் வேலைக்காக இங்கே வந்தோம். எங்கள் குடியிருப்புக்குக் கீழே தினமும் ராத்திரி ஏழரைக்குப் பாட்டிமார்கள் வரிசையாக நின்று சதுக்க நடனம் ஆடுவார்கள். மொழி தெரியாத முதல் குளிர்காலத்தில் எனக்கிருந்த ஒரே துணை அந்த ஸ்பீக்கர்தான். ஒரு நாள் நானும் கடைசி வரிசையில் போய் நின்றேன். முன்னால் நின்ற பாட்டி திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி, என் இடது கையைப் பிடித்துச் சரியான பக்கம் இழுத்துவிட்டார். அப்போது ஓடிய பாட்டு 'பெய் அர் ஷுவாங்'. இப்போது தேடிப் பார்த்தால் பாடியவர் தா ஜாங் வெய் என்று போட்டிருக்கிறது. நீங்கள் சொல்லும் அந்தப் பையன்தானா?

தாகோவ்_பெட்டி

அவனேதான் அம்மா. பாண்டு கலைந்த பிறகு தனியாகப் பாடியது.

பேஸ் தம்பி, ஒன்று கேட்க வேண்டும். அந்த அக்கா ஜிங் ஜி பாடும்போது திரையில் ஓடும் வரியைப் பார்த்தா பாடினார்?

கடைசி_பெஞ்ச்_பேஸ்

இல்லை சார். திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அதனால் முடித்த பிறகு நான் என்ன போட்டேன் என்பது அவருக்குத் தெரியவில்லை. பாட்டின் சத்தம் வந்த பிறகுதான் திரும்பினார். முதலில் திரையைப் பார்த்தார். அப்புறம் என் கையைப் பார்த்தார்.