புதுப்பிப்பு: இடது இயர்பட்டில் சத்தம் குறைந்தது, சரியாகிவிட்டது

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. இடது இயர்பட்டில் மட்டும் சத்தம் குறைவு, திருவொற்றியூரிலிருந்து மின்சார ரயிலில் போகும்போது பாட்டே காதில் விழுவதில்லை, என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன்.

ரீசெட் செய்தும் பலனில்லை. போனில் இடது வலது பேலன்ஸ் நடுவில்தான் இருந்தது. இயர்பட்டில் சத்தம் வரும் வாயில் இருக்கும் சின்ன வலையைச் சுத்தம் செய்யச் சொன்னவர் சொன்னதுதான் பலித்தது. ரப்பர் முனையைக் கழற்றி, வலை கீழே பார்க்கும்படி பிடித்து, காய்ந்த மென்மையான டூத்பிரஷால் மெல்லத் தேய்த்தேன். மஞ்சள் துகளாகக் காது அழுக்கு உதிர்ந்தது. நிமிர்த்திப் பிடித்தால் அழுக்கு உள்ளே போய்விடும். ஊசியால் குத்தவே வேண்டாம், வலை கிழியும்.

எதிர்பாராத ஒன்று: அந்தப் பக்கம் சார்ஜும் சீக்கிரம் தீர்ந்தது. பார்த்தால் சார்ஜ் ஏறும் முனையில் பச்சைப் படலம். வியர்வையும் நம்ம பக்கத்து உப்புக் காற்றும் சேர்ந்த வேலை என்று நினைக்கிறேன். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (சீக்கிரம் காய்ந்துவிடும் சுத்தம் செய்யும் திரவம்) லேசாகத் தொட்ட பஞ்சால் துடைத்து, நன்றாகக் காய்ந்த அப்புறம் கேஸில் வைத்தேன். இப்போது முழுசாக ஏறுகிறது.