வெக்கை – அசுரன்: ‘பழிவாங்கல்’ என்று எழுதினால் எங்கே இடிக்கிறது?

செவக்காடு:
முதுகலைத் தமிழ் ஒப்பீட்டுக் கட்டுரை, 1500 சொல். பூமணியின் ‘வெக்கை’ நாவலும் (1982) அதிலிருந்து வெற்றிமாறன் எடுத்த ‘அசுரன்’ படமும் (2019). இரண்டின் மையக் கருப்பொருளை ஆராய வேண்டும். முதல் வரைவில் பழிவாங்கல், சாதி, நிலம், குடும்பப் பாசம் என்று நான்கு தலைப்பு போட்டு, ஒவ்வொன்றுக்கும் கதையிலிருந்து உதாரணம் கொடுத்திருக்கிறேன். வாசித்துப் பார்த்தால் கதைச்சுருக்கமாகத்தான் நிற்கிறது. நாவலும் படமும் ஒன்றையே சொல்வதுபோலவும் ஆகிவிடுகிறது. தப்பு எங்கே? படத்துக்குக் குறிப்பு எடுப்பது எப்படி?

கரிசல்வாசகன்:
‘பழிவாங்கல்’ என்பது பேசுபொருள். அதைப் பற்றி இந்தப் படைப்பு என்ன சொல்கிறது என்பதுதான் கருப்பொருள். ஒற்றைச் சொல்லாக இருக்கும்வரை எந்தக் கதைக்கும் ஒட்டும், அதனால்தான் இரண்டும் ஒன்றுபோலத் தெரிகிறது. அதை எழுவாயும் பயனிலையும் உள்ள ஒரு முழு வாக்கியமாக எழுதுங்கள். யாராவது மறுத்துப் பேச இடம் இருந்தால்தான் அது கருப்பொருள் வாக்கியம். “சாதிக் கொடுமை தவறு” என்று எழுதினால் மறுக்க ஆளில்லை, நிறுவவும் ஒன்றுமில்லை.

அடுத்து, நாவல் தன் பக்கங்களை எதில் செலவழிக்கிறது என்று எண்ணுங்கள். ‘வெக்கை’யில் கொலை தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பழிக்கதையை நகர்த்துவது ‘வெட்டுவானா மாட்டானா’ என்கிற பதற்றம். பூமணி அந்தப் பதற்றத்தை முதல் பக்கத்திலேயே தீர்த்துவிடுகிறார். அதோடு, மகன், பதினைந்து வயதுச் சிதம்பரம், குடும்பத்தின் எதிரியான நிலக்காரன் வடக்கூரானின் கையை வெட்டத்தான் திட்டம் போட்டிருந்தான். வீச்சு தவறிக் கொலையாகிறது. குறி தப்பிய அரிவாளோடு தொடங்கும் நாவலைப் பழிவாங்கும் கதை என்று எப்படிச் சொல்ல முடியும்?

மீதி முழுக்க, எட்டு நாள், அப்பனும் மகனும் ஒளிந்து திரிவது. எங்கே தண்ணீர், எதைத் தின்பது, எங்கே படுப்பது, யாரை நம்பலாம். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு, சாப்பாடும் தண்ணீரும் வரும் இடத்தில் வட்டம், அரிவாளோ குண்டோ வரும் இடத்தில் பெருக்கல் குறி போட்டு வாருங்கள். வட்டங்கள்தான் நாவலை நிறைக்கும். ஒரு கொலைக்குப் பிறகு மண்ணும் உறவும் இந்த இருவரையும் எப்படித் தாங்குகின்றன என்பதில்தான் நாவலின் கவனம். கடைசியில் நீதிமன்றத்தில் சரணடையக் கிளம்புகிறார்கள். தீர்ப்பு என்ன என்று நாவல் சொல்வதில்லை. அந்த நிறுத்தத்தையும் உங்கள் வாக்கியம் விளக்க வேண்டும்.

ஒரு பெயர்ப்பிழையைப் பலரும் செய்கிறார்கள். அப்பா நாவலில் பரமசிவம், படத்தில் சிவசாமி. சிதம்பரம் மட்டும் இரண்டிலும் சிதம்பரம். நாவலைப் பேசும் பத்தியில் ‘சிவசாமி’ என்று எழுதிவிட்டால், படத்தை மட்டும் பார்த்துவிட்டு எழுதியது என்று திருத்துபவருக்கு அங்கேயே தெரிந்துவிடும்.

ரீல்பெட்டி:
படத்துக்குக் குறிப்பெடுக்கும் முறை: முதல் தடவை பேனாவைத் தொடாமல் பாருங்கள். இரண்டாம் தடவை காட்சிக்குக் காட்சி நிறுத்தி நான்கு நெடுவரிசை கொண்ட அட்டவணை போடுங்கள். திரையில் வரும் நிமிடம், கதைக்குள் அது நடக்கும் காலம், யார் யார் இருக்கிறார்கள், கண்ணில் படும் பொருள் என்ன. படம் ஏறக்குறைய இரண்டு மணி இருபது நிமிடம். ஒழுங்காகச் செய்தால் ஒரு முழு நாள் பிடிக்கும்.

இரண்டாம் நெடுவரிசை எதற்கு என்றால், ‘அசுரன்’ காலத்தைக் கலைத்துப் போட்ட படம். செருப்பை மட்டும் பின்தொடர்ந்து பாருங்கள். அப்பா ஊரார் காலில் விழ வைக்கப்பட்டதை அறிந்த மூத்த மகன் முருகன், வடக்கூரானைச் செருப்பால் அடிப்பது முதல் பாதியில் வந்துவிடுகிறது. இளவயதில் தான் விரும்பிய மாரியம்மாளுக்குச் சிவசாமி செருப்பு வாங்கிக் கொடுப்பதும், அதைப் போட்டு நடந்ததற்காக ஆதிக்க சாதியினர் அவளை அடித்து, அந்தச் செருப்பையே தலையில் சுமக்க வைப்பதும் இரண்டாம் பாதி. கதைக் காலத்தில் மாரியம்மாள் முன்னால், முருகன் பின்னால். திரையில் தலைகீழ். முருகனின் கோபத்தைப் பார்த்தபோது அப்பன் ஏன் இவ்வளவு பணிந்து போகிறான் என்று நமக்கு எரிச்சலாக இருக்கும். பின்கதையைப் பார்த்த பிறகுதான், அந்தப் பணிவு கோழைத்தனமல்ல, ஒருமுறை எதிர்த்து எல்லாவற்றையும் இழந்தவனின் கணக்கு என்று புரியும். இந்த ஒரு பொருளை வைத்தே இரண்டு பத்தி எழுதலாம். ‘சாதி’ என்ற பொதுத்தலைப்பு தராததை இது தரும்.

கடைசி வசனத்தில் நிறைய பேர் வழுக்குகிறார்கள். நிலம் இருந்தால் பிடுங்கிக்கொள்வார்கள், பணம் இருந்தால் பறித்துக்கொள்வார்கள், படிப்பை மட்டும் எடுத்துக்கொள்ள முடியாது என்று சிவசாமி மகனிடம் சொல்வதை அப்படியே தூக்கி வைத்து, ‘கல்வியே படத்தின் கருப்பொருள்’ என்று முடித்துவிடுவார்கள். பாத்திரம் சொல்வது பாத்திரத்தின் கருத்து. அதற்கு முந்தைய இரண்டு மணி நேரம் அதை ஆதரிக்கிறதா என்று பார்க்க வேண்டும். முதல் பாதி முழுவதும் கெஞ்சிக்கொண்டே இருந்த அப்பன், மகன் உயிருக்கு ஆபத்து வந்ததும் ஆயுதம் எடுக்கும் இடைவேளைக் காட்சியில் இசையும் கேமராவும் யார் பக்கம் நிற்கின்றன? அரங்கம் கைதட்டும்படியாக அல்லவா அதைக் கட்டியிருக்கிறார்கள்? வாய் படிப்பைச் சொல்கிறது, காட்சி அரிவாளைக் கொண்டாடுகிறது. இந்த இழுபறியை மறைக்காமல் எழுதுங்கள், கட்டுரைக்கு உயிர் அதில்தான். படத்தின் குறை என்று நான் இதைச் சொல்லவில்லை. படிப்பை நம்பச் சொல்லும் அதே மனிதனால் அரிவாளை விட முடியாத நிலைமைதான் படத்தின் உண்மையான வேதனை.

முல்லைத்தேர்:
‘கருப்பொருள்’ என்ற சொல்லே உங்களைக் குழப்பியிருக்கலாம். தொல்காப்பியத்தில் முதல், கரு, உரி என்று மூன்று. முதற்பொருள் நிலமும் பொழுதும். கருப்பொருள் அந்த நிலத்தின் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறை, தொழில் ஆகியவை. ஒழுக்கத்தையும் உணர்வையும் குறிப்பது உரிப்பொருள். இன்று நாம் ‘கருப்பொருள்’ என்று எழுதுவது பழைய கணக்கில் உரிப்பொருளுக்குத்தான் நெருக்கம்.

இந்த வரிசையிலேயே குறிப்பெடுத்தால் நான்கு தலைப்புக் குழப்பம் தீரும். முதலில் நிலமும் பொழுதும், பிறகு அதில் உள்ள பொருள்கள், கடைசியாகத்தான் உணர்வு. நீங்கள் நேராக மூன்றாவதில் குதித்ததால்தான் காற்றில் நிற்கிறது.

‘வெக்கை’ என்ற தலைப்பே ஒரு முதற்பொருள். சிலப்பதிகாரம் காடுகாண் காதையில் இளங்கோ சொல்வது:

“முல்லையும் குறிஞ்சியும் முறைமையின் திரிந்து
நல்லியல்பு இழந்து நடுங்குதுயர் உறுத்துப்
பாலை என்பதோர் படிவம் கொள்ளும்”

பாலைக்கென்று தனி நிலம் கிடையாது. இருக்கிற நிலம் வெந்து திரிந்து பாலையாகிறது. விளையும் காட்டை வைத்திருந்த குடும்பம், அந்தக் காட்டுக்காகவே வீடு விட்டு ஓட வேண்டி வருவதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆனால் ஒரு பத்தியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் திணை ஒட்ட ஆரம்பித்தால் நாவல் காணாமல் போய்விடும்.

செவக்காடு:
மூவருக்கும் நன்றி. வட்டம் போட ஆரம்பித்துவிட்டேன். ஒரு சந்தேகம்: குடிசைகளை எரிக்கும் காட்சியைக் கீழ்வெண்மணியோடு சேர்த்து, ‘இரு படைப்புகளும் வெண்மணியைப் பேசுகின்றன’ என்று எழுதலாமா?

கரிசல்வாசகன்:
கூடாது. 1968 டிசம்பர் 25 அன்று 44 பேர் எரித்துக் கொல்லப்பட்ட வெண்மணி, அன்றைய தஞ்சை மாவட்டம், நெல் வயல், கூலிப் போராட்டம். ‘வெக்கை’ கரிசல் காடு, ஒரு குடும்பத்தின் நிலம். மாரியம்மாளும் குடிசை எரிப்பும் கொண்ட அந்தப் பின்கதை, படத்தில் இருக்கும் வடிவில் நாவலில் கிடையாது. ‘படம் வெண்மணியை நினைவூட்டும் ஒரு பின்கதையைச் சேர்க்கிறது, நாவலில் அது இல்லை’ என்று பிரித்து எழுதுங்கள். சேர்த்ததால் என்ன மாறியது என்பதே அடுத்த பத்தி: நாவலில் ஒரு வீட்டுக்கு நேர்ந்தது, படத்தில் ஒரு சேரிக்கே நேர்ந்ததாக விரிகிறது.

இதேபோல இன்னொன்று. நாவல் சாதிப் பெயரை வெளிப்படையாகச் சொல்வதில்லை. நீங்களாக ஒரு பெயரை நாவலின் வாயில் போட்டு எழுதாதீர்கள்.

ரீல்பெட்டி:
1500 சொல்லில் கதைக்கு 150க்கு மேல் கொடுக்காதீர்கள். நாவலுக்கு ஒரு வாக்கியம், படத்துக்கு வேறொரு வாக்கியம், இரண்டையும் முதல் பத்தியிலேயே வைத்துவிடுங்கள். நாவலுக்கு 450, படத்துக்கு 450 போதும், மிச்சம் முழுவதும் மாற்றங்களுக்கு. இயக்குநர் பேட்டியில் சொன்னதை ஆதாரமாக வைக்க வேண்டாம், அது அவருடைய நோக்கம் மட்டுமே. திரையில் இருப்பதற்கு நிமிடக் கணக்கு, நாவலுக்குப் பக்க எண். எந்தப் பதிப்பு என்பதையும் குறியுங்கள், பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும்.